கணக்கில் வரும் சைனுக்கும் மூக்கு சைனசுக்கும் உறவு உண்டா?

திண்ணைக்கணக்கு எழுதியது:

வணக்கம் மக்களே. மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் முக்கோணவியல் தொடங்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் எல்லாம் ஒப்பித்துவிட்டாள். அப்புறம் கேட்டாளே ஒரு கேள்வி: "டேன்ஜென்ட்னா தொடுகோடு, சரி. சைன்னா என்னப்பா?" பாடப்புத்தகத்தில் சைன் என்றுதான் இருக்கிறது, பொருள் இல்லை. அதே வாரம் வீட்டில் அவள் அம்மாவுக்கு மூக்கில் சைனஸ் தொல்லை. "ரெண்டும் ஒண்ணா?" என்று அடுத்த கேள்வி. தேடிப் பார்த்தால் "அது ஒரு மொழிபெயர்ப்புத் தவறு" என்று ஒரே வரி எங்கும் கிடைக்கிறது. யார் செய்த தவறு, எதை எதுவாகப் பெயர்த்தார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

அலைவரிசை77 எழுதியது:

எளிது சார். லத்தீனில் சைனஸ் என்றால் வளைவு. மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள், அலை ஏறி இறங்கி வளைந்து போகும். அந்த வளைவைப் பார்த்து வைத்த பெயர்.

வேர்ச்சொல்லன் எழுதியது:

சாய் என்பது வேர். சாய்வு, சாய்தல், சாய்ன், சைன். கோணம் என்றாலே சாய்வுதானே. நம்மிடமிருந்து போன சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

வேர்ச்சொல்லன் ஐயா, ஒலி ஒத்துப்போவது சாட்சி ஆகாது. எந்தக் காலத்தில், எந்த நூலில், எந்த மொழி வழியாகப் போனது என்று தடம் காட்ட வேண்டும். சைனுக்கு அந்தத் தடம் நன்றாகவே இருக்கிறது, அதில் சாய்வு எங்கும் வரவில்லை.

அலைவரிசைக்கு: கால வரிசை உதைக்கிறது. லத்தீனில் இந்தப் பெயர் வந்தது 12-ஆம் நூற்றாண்டில். அந்த அலைக்கோட்டை வரைந்து பார்த்தது 17-ஆம் நூற்றாண்டில், பிரான்சில் ராபர்வால் என்பவர் சைக்ளாய்டின் (உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் கோடு) பரப்பைக் கணக்கிடப் போனபோது. பெயர் வைத்தவர்கள் யாரும் அலையைப் பார்த்ததே இல்லை.

இரவு உட்கார்ந்து நீளமாக எழுதுகிறேன்.

மணல்வீடு எழுதியது:

துண்டு போட்டாச்சு.

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

சரி, தொடங்குவோம். ஒரு வட்டம் வரையுங்கள். அதன் விளிம்பில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, இரு முனைகளையும் நேர்கோட்டால் இணையுங்கள். என்ன தெரிகிறது? வில். வளைந்த பகுதி வில்லின் கழி, நேர்கோடு நாண். நம் பாடப்புத்தகத்திலும் அதை நாண் என்றுதானே சொல்கிறோம். இதே படம் கிரேக்கர் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் கார்டு என்று சொல்லும் சொல் கிரேக்கத்தில் குடலையும், குடலில் திரித்த நரம்பையும் குறித்தது. ஆர்க் என்பது லத்தீனில் வில்.

கிரேக்க வானியலில் தாலமி 2-ஆம் நூற்றாண்டில் முழு நாணுக்கு அட்டவணை போட்டார். அரைப் பாகைக்கு ஒரு மதிப்பு. ஆனால் கோள்களைக் கணக்கிடும்போது பெரும்பாலும் தேவைப்படுவது செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கம், அதாவது பாதி நாண். முழு நாண் அட்டவணையை வைத்துக்கொண்டு வேலை செய்தால் ஒவ்வொரு முறையும் கோணத்தை இரட்டிப்பாக்கி, அட்டவணையைப் பார்த்து, வந்ததைப் பாதியாக்க வேண்டும். இந்தியாவில் அந்தப் பாதியையே நேராக அட்டவணையில் போட்டுவிட்டார்கள். காலம் உறுதியாகத் தெரிந்த நூல்களில் நமக்குக் கிடைப்பது ஆரியபட்டரின் ஆரியபட்டீயம், கி.பி. 499.

வடமொழியில் நாணுக்கு ஜ்யா என்று பெயர். பாதி நாண், அர்த்தஜ்யா. சொல்லிச் சொல்லித் தேய்ந்து, பாதி நாணையே ஜ்யா என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஜீவா என்றும் ஒரு பெயர் உண்டு, அதற்கும் வில்நாண் என்றே பொருள். உயிர் என்ற பொருளில் வரும் ஜீவன் வேறு, அங்கே போய்விடாதீர்கள்.

ஆரியபட்டர் 24 மதிப்புகளை ஒரே செய்யுளில் அடக்கியிருக்கிறார். எழுத்துகளை எண்களாக்கும் முறை அவருடையது. வடமொழியில் க முதல் ம வரை உள்ள 25 மெய்களுக்கு 1 முதல் 25 வரை மதிப்பு. இகரம் சேர்ந்தால் நூறால் பெருக்க வேண்டும். முதல் சொல் "மகி". இங்கே வருவது வடமொழியின் நான்கு ககரங்களில் இரண்டாவது. ம 25, கி 200, ஆக 225. அடுத்தது "பகி", 224. அதற்கடுத்ததும் "பகி", ஆனால் அது 222! ஒன்றில் நான்காவது பகரம், மற்றொன்றில் இரண்டாவது. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகி அட்டவணையே கெட்டுவிடும். இந்தச் செய்யுளைப் பொறுத்தவரை நம் எழுத்து கொஞ்சம் சிக்கனம்தான்.

இவை நேரடி மதிப்புகள் அல்ல, ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு கூடுகிறது என்ற வித்தியாசங்கள். ஒரு படி என்பது 3 பாகை 45 கலை, அதாவது 225 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). வட்டத்தின் ஆரம் 3438. ஏன் அப்படி ஒரு எண்? வட்டச் சுற்றில் 21,600 கலைகள். அதை இரண்டு பையால் (2π) வகுத்தால் கிட்டத்தட்ட 3438. வில்லையும் நாணையும் ஒரே அலகில் அளக்க இது வசதி.

திண்ணைக்கணக்கு சார், மகளிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். முதல் எட்டு வித்தியாசங்கள் 225, 224, 222, 219, 215, 210, 205, 199. கூட்டினால் 1719. எட்டுப் படி என்றால் 30 பாகை. 3438-இல் 1719 எவ்வளவு? சரிபாதி. சைன் 30 என்றால் அரை என்று மனப்பாடம் செய்தாளே, அது 499-ஆம் ஆண்டுச் செய்யுளில் அப்படியே இருக்கிறது.

பயணம் இனிமேல்தான். 8-ஆம் நூற்றாண்டு, பாக்தாத். கலீபா அல்மன்சூர் அவைக்கு இந்தியாவிலிருந்து ஒரு வானியல் அறிஞரும் சில நூல்களும் போய்ச் சேர்ந்தன. அங்கே அரபியில் ஆக்கியபோது ஜீவா என்பதைப் பொருள் பெயர்க்காமல் ஒலியாகவே எழுதிக்கொண்டார்கள். அரபியில் வகர ஒலிக்கு நேரான எழுத்து இல்லை, பகரம் போட்டு ஜீபா. அதற்கு மேல் என்ன நடந்தது என்பதை அரபி தெரிந்த யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். நான் கையெழுத்தைப் பார்த்தால் தலை சுற்றும் ஆள்.

ரியாத்வாசி எழுதியது:

அழைத்த குரலுக்கு வந்துவிட்டேன் அண்ணே. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியது, இப்போது இங்கே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இரண்டும் சேர்ந்து இன்றைக்குத்தான் உதவுகிறது.

அரபியில் குறில் உயிர்களை எழுதுவதில்லை. ஜீம், யா, பா என்ற மூன்று எழுத்துகளைப் போட்டால் ஜீப் என்றும் படிக்கலாம், ஜைப் என்றும் படிக்கலாம். ஜீப் என்று அரபியில் சொல் கிடையாது, அது வெறும் வந்தேறி ஒலி. ஜைப் என்றால் நல்ல அரபிச் சொல். சட்டையின் கழுத்துத் திறப்பு, மார்புப் பகுதி, துணி மடிப்பு, பை. குர்ஆனில் 24:31-இல் பெண்கள் முக்காட்டை மார்பின் மீது போட்டுக்கொள்ளச் சொல்லும் இடத்தில் வருவது இதன் பன்மைதான். அந்தக் கால அரபிகள் வேறு எதைப் படிப்பார்கள்? ஜைப் என்றே படித்தார்கள், நூற்றாண்டுக் கணக்கில் கணித நூல்களிலும் ஜைப் என்றே நிலைத்துவிட்டது.

இன்றைக்கும் அப்படித்தான். இங்கே பள்ளிப் புத்தகங்கள் சிலவற்றில் சைனுக்கு "ஜா" என்று இரண்டெழுத்துச் சுருக்கம் போடுகிறார்கள், ஜைப் என்பதன் சுருக்கம். கொசைனுக்கு "ஜதா", அதாவது ஜைப் தமாம், நிரப்பு ஜைப்.

இன்னொன்று கவனித்தீர்களா? இந்த ஜைப் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக நம்மூருக்கும் வந்தது. சட்டையில் இருக்கும் ஜேப்பு. ஜேப்படித் திருடன்!

மணல்வீடு எழுதியது:

அடப்பாவி. ஆரியபட்டரின் நாண் சுற்றிவிட்டு வந்து நம் சட்டைப்பையில் உட்கார்ந்திருக்கிறதா?

ரியாத்வாசி எழுதியது:

இல்லை இல்லை, அங்கே கொஞ்சம் நிதானம். பை என்ற பொருளில் ஜைப் அரபியில் முன்பே உண்டு, ஜேப்பு அதன் பிள்ளை. ஆரியபட்டரின் ஜீவா அந்த வீட்டுக்குள் பெயர் ஒற்றுமையால் நுழைந்த விருந்தாளி. ஒரே எழுத்து, இரண்டு வேர். சைனும் ஜேப்பும் கூடப் பிறந்தவை அல்ல, ஒரே கதவு எண்ணில் கடிதம் வாங்கியவை.

செமினரிவாசி எழுதியது:

லத்தீன் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேனே. 12-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அரபி நூல்களை லத்தீனில் ஆக்கும் வேலை மும்முரமாக நடந்தது. சினுஸ் (நாம் சைனஸ் என்பது) என்ற சொல்லை முதலில் போட்டவர் தொலேதோவில் இருந்த கிரமோனா ஊர் ஜெரார்டு என்று பல நூல்கள் சொல்லும். செஸ்டர் ராபர்ட் என்று சொல்வோரும் உண்டு. யாராக இருந்தாலும், கண்முன் இருந்தது ஜைப் என்ற சொல், அதற்குச் சரியான லத்தீன் சினுஸ்.

சினுஸ் என்றால் வெறும் வளைவு என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். அகராதியில் அதுவும் உண்டு. ஆனால் உயிருள்ள பொருள், ரோமானியர் போர்த்திய டோகா ஆடை மார்புக்குக் குறுக்கே தொங்கி விழும் மடிப்பு. அந்த மடிப்புக்குள் பொருள் வைத்துக்கொள்வார்கள், பிள்ளையை அணைத்துக்கொள்வார்கள். லூக்கா 16:22-இல் ஏழை லாசரு இறந்து ஆபிரகாமின் சினுஸுக்குப் போகிறான். நம் பழைய தமிழ் விவிலியத்தில் அந்த இடம் "ஆபிரகாமுடைய மடியிலே". அந்தச் சொல்லைத் தேர்ந்தவருக்குக் கும்பிடு போட வேண்டும். மடி என்றால் உட்கார்ந்தால் உண்டாகும் மடி, வேட்டியில் பணம் முடியும் மடி, மடிப்பு எல்லாமும்தானே. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்கிறோமே, அந்த மடியேதான் சினுஸ்.

அதிலிருந்தே மற்றவையும். கடல் உள்வாங்கிய இடம் சினுஸ், பழைய லத்தீன் வரைபடங்களில் வங்காள விரிகுடாவுக்கு சினுஸ் கங்கேடிகுஸ் என்று பெயர். எலும்புக்குள் குழிந்த அறை சினுஸ், திண்ணைக்கணக்கு சார் வீட்டம்மாவுக்கு அடைத்துக்கொண்டது அதுதான். ஆகப் பாப்பாவின் கேள்விக்குப் பதில்: ஆமாம், சொல்லளவில் ரெண்டும் ஒண்ணுதான்.

அலைவரிசை77 எழுதியது:

அப்போ "மொழிபெயர்ப்புத் தவறு" என்பது உறுதி. நாணை மடி ஆக்கிவிட்டார்கள்.

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

இந்த "தவறு" என்ற சொல்தான் எனக்குப் பிடிக்காதது. யார் தவறு, சொல்லுங்கள். பாக்தாதில் முதலில் எழுதியவர் அயல்மொழிக் கலைச்சொல்லை ஒலிபெயர்த்தார். நாமும் சைன் என்று எழுதுகிறோம், அதே வேலைதான். பின்னால் வந்த அரபிகள் தங்கள் மொழியில் இருந்த சொல்லாகப் படித்தார்கள், கணக்கில் ஓர் எண்கூட மாறவில்லை. ஜெரார்டோ ராபர்ட்டோ, அவர்களுக்கு முன் இருந்த அரபிக் கலைச்சொல் ஜைப்தான். அதைச் சரியாகப் பெயர்த்த ஆளைப் பிடித்து, 600 வருடத்துக்கு முன் சமஸ்கிருதத்தில் என்ன இருந்தது என்று ஏன் பார்க்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

கண்ணாடிதேய்ப்பவன் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வில் இருக்கிறது, நாண் இருக்கிறது, அம்பு எங்கே என்று யாரும் கேட்கவில்லையே!

நாணின் நடுப்புள்ளியிலிருந்து வில்லின் நடு வரை உள்ள தூரம், அதுதான் அம்பு. வடமொழியில் சரம். அரபியில் சஹ்ம், அம்பு. லத்தீனில் சகிட்டா, அதுவும் அம்பு. மூன்று மொழியிலும் அம்பு அம்பாகவே போயிருக்கிறது. இன்றைக்கும் தொலைநோக்கிக்கு ஆடி தேய்ப்பவர்கள் சகிட்டா என்ற சொல்லைத் தினம் பயன்படுத்துகிறோம், பேச்சில் சுருக்கி "சாக்". ஆடியின் நடுவில் எவ்வளவு குழி விழ வேண்டும் என்ற அளவு அது. 6 அங்குல ஆடி, குவியத்தூரம் 48 அங்குலம் என்று வையுங்கள். வளைவு ஆரம் 96. விளிம்பு ஆரம் 3, அதன் வர்க்கம் 9. அதை 96-இன் இருமடங்கான 192-ஆல் வகுத்தால் 0.047 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 1.2 மில்லிமீட்டர். கண்ணாடிப் பலகை ஒன்றை ஆடி மேல் குறுக்கே வைத்து, நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்ப்போம். 1.2 நுழைந்தால் முரட்டுத் தேய்ப்பு முடிந்தது, அடுத்த நம்பர் பொடிக்குப் போகலாம். கை வலி தெரிந்தவனுக்கு அந்த அம்பின் அருமை புரியும்.

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

கண்ணாடிதேய்ப்பவரே, நான் விட்ட முக்கியமான இடம் இது. அம்பைப் பொருளாகப் பெயர்த்தார்கள், அதனால் மூன்று மொழி கடந்தும் அம்பாகவே இருக்கிறது. நாணை ஒலியாகத் தூக்கிப் போனார்கள், அது போன இடத்தில் வேறு ஆளாகிவிட்டது. ஆர்க், கார்டு, சகிட்டா என்று ஆங்கிலத்தில் வில், நாண், அம்பு மூன்றும் இருக்கின்றன. சைன் மட்டும் அந்தக் கூட்டத்தில் ஆடை மடிப்பாக நிற்பது இதனால்தான்.

வேர்ச்சொல்லன் எழுதியது:

சாய்வை விட்டுவிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி. கிரேக்கர்கள் முன்பே நாண் அட்டவணை போட்டார்கள் என்கிறீர்கள். அப்படியானால் இந்தியர்கள் அவர்களிடம் கற்றார்கள் என்று ஆகாதா? அதை ஒப்புக்கொள்வீர்களா?

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

ஒப்புக்கொள்வதில் என்ன சிரமம்? கிரேக்க வானியல் ஆரியபட்டருக்கு முன்பே இங்கே வந்துவிட்டது, சொற்களே சாட்சி. ஜாதகத்தில் கேந்திரம் என்கிறோமே, அது கிரேக்க கென்ட்ரான். நல்ல ஓரை பார்க்கிறோமே, அந்த ஓரை கிரேக்க ஹோரா, ஆங்கில ஹவரின் உறவு. நாணை வாங்கினார்கள், பாதியாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். உலகம் அந்தப் பாதியைத்தான் வைத்துக்கொண்டது, தாலமியின் முழு நாணை இன்று யாரும் பள்ளியில் படிப்பதில்லை. பெருமை வேண்டுமானால் அதில் போதுமான அளவு இருக்கிறது.

தென்திசை எழுதியது:

சங்கமகிராம மாதவர் ஜ்யாவுக்கு முடிவிலாத் தொடர் கண்டதையும் சேர்த்து எழுதுங்களேன். நியூட்டனுக்கு முன்.

நெறியாளர்:

கேரள கணித மரபுக்குத் தனி இழை தொடங்குங்கள் தென்திசை, அது தகும். இங்கே சொல்லோடு நிற்போம்.

மணல்வீடு எழுதியது:

லத்தீன் வரை வந்தாச்சு. ஆங்கிலத்துக்கு எப்போது வந்தது? கொசைனில் வரும் "கோ" என்ன?

செமினரிவாசி எழுதியது:

1593-இல் தாமஸ் ஃபேல் என்பவர் சூரியக் கடிகாரம் செய்வது பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் சைன் வருகிறது. "கோ" என்பது காம்ப்ளிமென்ட், 90 பாகைக்கு மீதியுள்ள நிரப்புக் கோணம். அந்த நிரப்புக் கோணத்தின் சைனைச் சுருக்கி 1620-இல் எட்மண்ட் கன்டர் கொசைனஸ் ஆக்கினார். வடமொழியில் அதற்குக் கோடிஜ்யா. அந்தக் கோடி வில்லின் முனை, கன்டரின் கோ வேறு. வேர்ச்சொல்லன் ஐயா, தயவுசெய்து இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள்.

வேர்ச்சொல்லன் எழுதியது:

சேர்க்கலாம் என்று இப்போதுதான் தோன்றியது. :)

திண்ணைக்கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 1719 கூட்டல் மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மீதி 16 வித்தியாசங்களையும் கேட்கிறாள், 90 பாகைக்கு 3438 வருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். கூடவே அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: டேன்ஜென்ட் என்ற பெயரும் இப்படிச் சுற்றி வந்ததா?

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

191, 183, 174, 164, 154, 143, 131, 119, 106, 93, 79, 65, 51, 37, 22, 7. முந்தைய 1719-உடன் கூட்டச் சொல்லுங்கள், 3438 வரும்.

டேன்ஜென்ட் சுற்றவில்லை. 1583-இல் தாமஸ் ஃபின்கே என்ற டென்மார்க்காரர் தம் லத்தீன் நூலில் நேராக வைத்த பெயர், தொடுவது என்று பொருள். சீக்கன்ட், வெட்டுவது, அதுவும் அவருடையதே.

ரியாத்வாசி எழுதியது:

அதற்கு முன்னால் அதற்கு வேறு பெயர் இருந்தது அண்ணே. அரபியில் ளில், நிழல். இங்கே பள்ளிப் புத்தகத்தில் டேனுக்கு இன்றும் நிழலின் முதலெழுத்தைத்தான் போடுகிறார்கள். லத்தீனிலும் முதலில் உம்ப்ரா, நிழல் என்றே பெயர்த்தார்கள்.

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

ஆமாம், குச்சி நட்டு நிழல் அளந்த கணக்கு அது. நம் மரபில் சங்கு என்று 12 அங்குலக் குச்சி. சம இரவுபகல் நாளில் உச்சி வேளை நிழலை அளந்தால் ஊரின் அட்சரேகை தெரிந்துவிடும். நிழலைக் குச்சியால் வகுத்தால் வருவது அட்சரேகையின் டேன். அங்குலம் வேண்டாம், 12 செ.மீ. குச்சி போதும். சென்னை என்றால் நிழல் 2.8 செ.மீ. வர வேண்டும்.

திண்ணைக்கணக்கு எழுதியது:

நாங்கள் மதுரை சார்.

பஞ்சாங்கப்பித்தன் எழுதியது:

அப்படியானால் 2.1. தரை மட்டமாக இருக்கட்டும், குச்சி தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கட்டும். 12 மணிக்குப் போய் அளந்துவிடாதீர்கள், மதுரையில் சூரியன் உச்சிக்கு வருவது மார்ச் 20 வாக்கில் 12:25-ஐ ஒட்டி, செப்டம்பர் 22 வாக்கில் 12:10-ஐ ஒட்டி. பத்து நிமிடம் முன்பே தொடங்கி, நிழல் குறைந்துகொண்டே வந்து மிகக் குட்டையாகும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.